புதிதாக வந்த பச்சோந்தி ஏன் கறுத்துப்போய் உட்கார்ந்திருக்கிறது?

தம்பி, உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். பத்து நாளுக்கு முன் டொராண்டோவில் ஊர்வனச் சந்தை ஒன்றில் நான்கு மாத யேமன் பச்சோந்திக் குட்டி ஒன்றை வாங்கி வந்திருக்கிறீர்கள். வெய்ல்டு கமீலியன் என்று விற்கிறார்களே, அதுதான். அங்கே பச்சைப் பசேலென்று இருந்தது, வீட்டுக்கு வந்ததிலிருந்து பெரும்பாலும் கரும்பழுப்பாக இருக்கிறது. கூண்டுக்குள் கைவிட்டால் வாயைப் பிளந்து சீறுகிறது. முதல் மூன்று நாள் எதையும் தொடவில்லை, இப்போது நாளைக்கு இரண்டு மூன்று சில்வண்டு சாப்பிடுகிறது. மத்தியானம் ஆனால் கம்பிவலையைப் பிடித்துக்கொண்டு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. இது நோயா, பயமா, கைக்குப் பழகுமா பழகாதா என்று கேட்கிறீர்கள்.

நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் இது இன்னும் நோய் இல்லை என்றுதான் நினைக்கிறேன். சீறுவதும் சாப்பாட்டைக் குறைத்ததும் புது வீட்டு மிரட்சி. ஆனால் அந்த மத்தியான ஏறி இறங்கல் இருக்கிறதே, சீறலைவிட அதுதான் எனக்குக் கவலை தருகிறது. அது பயத்தால் மட்டும் வருவதில்லை, கூண்டில் ஏதோ ஒன்று சரியில்லை என்று அது காட்டுகிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நான் பதினோரு வருடமாக இந்த உயிரை வளர்க்கிறேன். இதுவரை ஐந்து. முதலாவதை என் அறியாமையால் இழந்தேன், அதையும் கீழே சொல்கிறேன். உங்களுக்கு அது நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் நிறத்தைப் பற்றி. நம் ஊரில் ஆளுக்குத் தகுந்தபடி மாறுகிறவனைப் பச்சோந்தி என்று திட்டுவோம். அதனால் இந்தப் பிராணி இடத்துக்கு ஏற்ப நிறம் மாற்றி ஒளிந்துகொள்கிறது என்ற எண்ணம் நமக்குள் ஆழமாகப் பதிந்துவிட்டது. உண்மை கிட்டத்தட்ட நேர்மாறு. இலைக்கும் கிளைக்கும் பொருந்துகிற நிறம் அதற்கு இயல்பிலேயே இருக்கிறது, அதற்காக அது மாற வேண்டியதில்லை. அது மாறுவது உடம்புச் சூட்டைச் சரிசெய்யவும், தன் நிலையை வெளியே சொல்லவும்தான். 2015-இல் ஜெனீவா பல்கலைக்கழகத்தினர் மடகாஸ்கரின் பான்தர் பச்சோந்தியை வைத்து இதன் சூட்சுமத்தைக் கண்டுபிடித்தார்கள். தோலில் குவானின் என்ற பொருளின் மிக நுண்ணிய படிகங்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கின்றன. பிராணி அமைதியாக இருக்கும்போது படிகங்கள் நெருங்கி நின்று நீல ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. அது தோலின் மஞ்சள் நிறமியோடு சேர்ந்து நமக்குப் பச்சையாகத் தெரிகிறது. கிளர்ச்சி அடைந்தால் படிகங்களுக்கு நடுவே இடைவெளி கூடி மஞ்சளும் சிவப்பும் எழுகின்றன. கறுப்பது வேறு வழியில் நடக்கிறது. மெலனின் என்ற கருநிறமி செல்லுக்குள் பரவும்போது தோல் இருளுகிறது.

உங்களிடம் இருக்கும் இனத்தைப் பற்றியே அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்திருக்கிறார்கள். 2013-இல் வந்த முடிவு இது: ஆண் பச்சோந்திகள் மோதும்போது பக்கவாட்டுப் பட்டைகள் பளிச்சென்று ஆனவையே எதிராளியை நெருங்கின, தலையின் நிறம் வேகமாகவும் பிரகாசமாகவும் மாறியவையே அதிகம் ஜெயித்தன. அடுத்த வருடம் அதே ஆய்வின் தொடர்ச்சியாக, தோற்கிறவை கறுத்துப்போவதைப் பதிவு செய்தார்கள். கறுப்பது என்பது அவற்றின் பேச்சில் “நான் ஒதுங்கிக்கொள்கிறேன், என்னை விட்டுவிடு” என்பது. உங்கள் குட்டி பத்து நாளாக உங்களிடம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது.

ஆனால் கறுப்பெல்லாம் கவலை இல்லை. புதிதாக வளர்ப்பவர்கள் இங்கேதான் குழம்புவார்கள். காலையில் விளக்கு போட்டதும் உடம்பைக் கறுக்கவைத்து, ஒரு பக்கமாகத் தட்டையாக்கி, விளக்குக்கு நேராகக் காட்டிக்கொண்டு நிற்கும். அது வெயில் காய்வது. கறுப்பு சூட்டை வேகமாக உறிஞ்சும் என்பதால் அப்படிச் செய்கிறது. அரை மணி, முக்கால் மணியில் உடம்பு சூடேறியதும் தானே பச்சைக்குத் திரும்பிவிடும். இரவில் தூங்கும்போது வெளிறி, மங்கிய இளம்பச்சையாக இருக்கும், அதுவும் சரிதான். தோல் உரிக்கும் நாட்களில் நிறம் மங்கிச் சாம்பல் படிந்த மாதிரி இருக்கும், அதையும் விட்டுவிடலாம். நீங்கள் பார்க்க வேண்டியது, காலை பத்து மணிக்கு மேல், யாரும் பக்கத்தில் இல்லாதபோது அது என்ன நிறத்தில் இருக்கிறது என்பது. நீங்கள் கூண்டருகே போய் நின்று பார்த்தால் உங்களைப் பார்த்த நிறம்தான் தெரியும். அறையின் மறு கோடியிலிருந்து பாருங்கள், அல்லது பழைய கைபேசியைக் கேமராவாக வைத்துவிட்டு வேறு அறையில் இருந்து பாருங்கள். தனியாக இருக்கும்போது பச்சையாகவும் நீங்கள் வந்ததும் கறுப்பாகவும் மாறினால் அதற்கு வீடு பிடித்திருக்கிறது, உங்களை இன்னும் தெரியவில்லை என்று அர்த்தம். தனியாக இருக்கும்போதும் நாள் முழுக்கக் கறுப்பென்றால் வீடே பிடிக்கவில்லை.

இந்த இரண்டையும் நான் இரண்டு சொல்லால் பிரித்து வைத்திருக்கிறேன். ஒன்று மிரட்சி, இன்னொன்று அழுத்தம். மாடு மிரளுவது போல, கை வந்தது, நாய் குரைத்தது, சீறியது, கறுத்தது, பத்து நிமிஷத்தில் தெளிந்தது என்றால் அது மிரட்சி. காட்டில் இருந்தாலும் அது மிரளத்தான் செய்யும், அதனால் கேடில்லை. மிரட்டும் பொருள் கண்ணெதிரிலேயே இருந்து, ஒளிய இடமும் இல்லாமல், நாள் கணக்கில் தொடர்ந்தால் அது அழுத்தம். அப்போது கார்ட்டிகோஸ்டிரோன் என்ற ஹார்மோன் உடம்பில் ஓயாமல் சுரந்து நோய் எதிர்ப்புச் சக்தியை அரித்துவிடும். ஆரோக்கியமான நாளில் ஒன்றும் செய்யாத குடல் ஒட்டுண்ணியும் கிருமியும் அப்போது தலைதூக்கும். அதனால்தான் இந்த இனத்தில் அழுத்தத்தையும் நோயையும் தனித்தனியாகப் பேச முடியாது.

இன்னொரு விஷயம், நோயை மறைப்பதில் இவை கெட்டிக்காரர்கள். பலவீனமாகத் தெரிந்தால் பறவை தூக்கிப் போய்விடும் என்பது அதன் ரத்தத்தில் ஊறியது. ஆகவே பார்த்த மாத்திரத்தில் தெரியும் அறிகுறிகளுக்காகக் காத்திருக்காமல் சின்னச் சின்ன அடையாளங்களைப் படிக்கப் பழகுங்கள்.

கண்தான் முதல். பகலில் அதன் இரண்டு கண்ணும் தனித்தனியே ஓயாமல் சுழன்றுகொண்டிருக்க வேண்டும். பகலில் கண் மூடி உட்கார்ந்தால், அது ஓய்வு இல்லை, உடம்பு சரியில்லை. நீங்கள் நெருங்கும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்வது வேறு, அது மிதமிஞ்சிய பயத்தில் உலகத்தையே வெளியே தள்ளுவது. கண்மேடு உள்ளே குழிந்திருந்தால் தண்ணீர் போதவில்லை.

அடுத்து எச்சம். பழுப்புப் பகுதியோடு ஒரு வெள்ளைக் கட்டியும் வரும், அது நம் சிறுநீருக்குச் சமம். அது வெள்ளையாகவோ நுனியில் லேசான மஞ்சளாகவோ இருந்தால் நல்லது. முழுக்க ஆரஞ்சாக, மணல் போல உதிர்ந்தால் உடம்பு வறண்டிருக்கிறது.

வாய் திறப்பதை மூன்று விதமாகப் பாருங்கள். உங்களைப் பார்த்து, தொண்டையை உப்பவைத்து, சீறலோடு திறப்பது மிரட்டல். விளக்குக்குக் கீழே சும்மா திறந்தபடி உட்கார்ந்தால் சூடு அதிகம், உடம்பு காற்று வாங்குகிறது. ஆறிய இடத்தில், தலையை மேலே தூக்கி, மூச்சில் சத்தமோ வாயில் நுரையோ பிசுபிசுப்போ இருந்தால் மூச்சுக்குழாய்த் தொற்று. மூன்றாவதற்கு அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

நடக்கும்போது காற்றில் ஆடும் இலை மாதிரி முன்னும் பின்னும் ஆடி ஆடிப் போகும், அதைப் பார்த்துப் பலர் நரம்புக் கோளாறு என்று பயப்படுவார்கள். அதன் இயல்பான நடை அது. நீங்கள் வந்தால் கிளையின் மறுபக்கத்துக்குச் சுற்றிப்போய் உடம்பை ஒடுக்கி ஒரு கண்ணால் மட்டும் எட்டிப் பார்ப்பதும் இயல்புதான். சொல்லப்போனால் நல்ல அறிகுறி. ஒளிந்துகொள்ளத் தெரிகிறது, ஒளிய இடமும் இருக்கிறது.

சரி, மத்தியான ஏறி இறங்கலுக்கு வருவோம். வலையைப் பிராண்டுவது “நான் இங்கிருந்து போக வேண்டும்” என்பது. காரணம் நான்கைந்துதான் இருக்க முடியும். மத்தியானத்தில் மட்டும் நடப்பதால் நான் முதலில் சந்தேகப்படுவது சூட்டை. காலையில் போட்ட வெப்ப பல்பு மத்தியானத்துக்குள் கூண்டு முழுவதையும் சூடாக்கிவிடும், அதோடு தெற்கு ஜன்னல் வெயிலும் சேர்ந்தால் சொல்ல வேண்டாம். யேமன் என்றதும் பாலைவனம் என்று நினைத்து நிறையப் பேர் வறுத்தெடுத்துவிடுகிறார்கள். யேமன், தென்மேற்குச் சவூதியின் மலைச்சரிவுகளிலும் செடி அடர்ந்த ஓடைப் பள்ளத்தாக்குகளிலும் வாழும் உயிர் இது. உங்கள் குட்டிக்கு வெயில் காயும் கிளையில் 27 முதல் 29 டிகிரி செல்சியஸ் போதும். வளர்ந்த ஆணுக்குக்கூட 32-ஐத் தாண்டத் தேவையில்லை. கூண்டின் மற்ற இடங்கள் 22 முதல் 25-க்குள் இருக்கட்டும். ஒட்டுகிற வட்ட வெப்பமானியை நம்பாதீர்கள், அது வலையின் சூட்டைத்தான் காட்டும். முனையில் உணரி உள்ள டிஜிட்டல் வெப்பமானி வாங்கி, அந்த முனையைப் பிராணியின் முதுகு வருகிற உயரத்தில் கட்டுங்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு என்ன காட்டுகிறது என்று பாருங்கள்.

சூடு சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம் பிரதிபலிப்பு. ஒரு குறிப்பிட்ட நேரத்தில் வெளிச்சம் விழும் கோணத்தில் ஜன்னல் கண்ணாடியிலோ அணைத்து வைத்த டிவியிலோ அதற்கு இன்னொரு பச்சோந்தி தெரியும். பச்சோந்திகள் தனிமை விரும்பிகள். வளர்ந்தவற்றுக்கு இன்னொன்றின் பார்வையே தாங்காது. தனியாக இருக்கிறதே பாவம், துணைக்கு ஒன்று வாங்கலாமா என்று தயவுசெய்து யோசிக்காதீர்கள். ஒரே கூண்டில் இரண்டு வைத்தால் சண்டை போடாவிட்டாலும் ஒன்று மற்றொன்றை ஒவ்வொரு நிமிஷமும் ஒடுக்கிக்கொண்டிருக்கும். கூண்டின் பின்பக்கத்தையும் ஒரு பக்கவாட்டையும் பச்சைத் துணியாலோ அட்டையாலோ மூடிவிடுங்கள். கண்ணில் படுவது பாதியாகக் குறைந்தாலே உடனே வித்தியாசம் தெரியும்.

கூண்டு எங்கே இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. ஹாலில் சோபாவுக்குப் பக்கத்தில், தரையில் அல்லது குட்டையான மேஜையில் என்றால் முதல் வேலை அதை மாற்றுவது. மரத்தில் வாழும் பிராணிக்கு உயரம்தான் பாதுகாப்பு. தன்னைவிடப் பெரிய ஒன்று தலைக்கு மேலே நடமாடினால் அதற்கு அது பருந்துதான். அதன் மேல் கிளை உங்கள் கண் மட்டத்துக்கு மேலே இருக்கும்படி கூண்டை ஏற்றி வையுங்கள். எல்லோரும் கடந்து போகும் வழியில் வேண்டாம். கூரை மின்விசிறியின் கீழே வேண்டவே வேண்டாம். சுழலும் இறக்கையும் அதன் நிழலும் ஓயாமல் தலைக்கு மேல் வட்டமிடும் பறவை போலத்தான் அதற்குத் தெரியும். என் இரண்டாவது பச்சோந்தி மூன்று வாரம் மேல் கிளைக்கே வராமல் இருந்தது. ஒருநாள் கரண்ட் போய் விசிறி நின்றபோது மேலே வந்து உட்கார்ந்தது, அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பூனை கூண்டுக்கு முன் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தால், அது ஒன்றும் செய்யாவிட்டாலும், கதவைச் சாத்தி வையுங்கள். பச்சோந்திக்கு வெளிக்காது கிடையாது, ஆனால் அதிர்வைக் கிளை வழியாக நன்றாக உணரும். ஸ்பீக்கரும் கூண்டும் ஒரே மேஜையில் இருக்கக் கூடாது.

பிறகு இலை. என்னைக் கேட்டால் இலைதான் மருந்து. புதிதாக வாங்குகிறவர்கள் பிராணி நன்றாகத் தெரிய வேண்டும் என்று கூண்டைக் காலியாக விட்டு நாலு கிளையை மட்டும் கட்டி வைப்பார்கள். பிராணிக்கோ தன்னை யாரும் பார்க்க முடியாது என்ற நம்பிக்கை வேண்டும். ஒளிய இடம் இருக்கும் பச்சோந்திதான் காலப்போக்கில் வெளியே வந்து உட்காரும், ஒளிய இடம் இல்லாதது வெட்டவெளியில் கறுத்துப்போய் உட்கார்ந்திருக்கும். கூண்டுக்குள்ளேயே ஒரு புதர் உருவாக்குங்கள். நம் வீடுகளில் எல்லாம் இருக்கும் மணி பிளான்ட் நன்றாகப் படரும், குடை மரம் என்கிற ஷெஃப்லெரா, ஃபைகஸ் பெஞ்சமினா எல்லாம் சரிவரும். யேமன் பச்சோந்தி இலையும் கடித்துத் தின்னும் என்பதால் பூச்சி மருந்து அடித்த செடியை அப்படியே உள்ளே வைக்காதீர்கள். இலைகளைக் கழுவி, மண்ணை மாற்றி, சில வாரம் வெளியே வைத்திருந்து பிறகு வையுங்கள். செம்பருத்தி கிடைத்தால் பூவும் இலையும் ஆசையாகச் சாப்பிடும். கூண்டின் அளவு வளர்ந்த பிறகு 60 செ.மீ. நீளம், 60 அகலம், 120 உயரம் இருக்க வேண்டும். அடர்த்தியாகச் செடி வைத்தால் குட்டியை இப்போதே அதில் விடலாம், அடிக்கடி வீடு மாற்றும் தொல்லை மிச்சம்.

தண்ணீர் விஷயம் கனடாவில் நமக்குக் கொஞ்சம் கூடுதல் வேலை. கிண்ணத்தில் வைத்த தண்ணீரை இது தண்ணீர் என்றே அடையாளம் காணாது, இலையில் நிற்கும் துளியைத்தான் நக்கிக் குடிக்கும். விளக்கு போடுவதற்குச் சற்று முன்னும், மாலை விளக்கு அணையும் நேரத்திலும் இலைகள் சொட்டச் சொட்ட இரண்டு நிமிஷம் நுண்ணிய தூவல் விழட்டும். மத்தியானம் ஒரு சொட்டுக் குழாய் வைத்தால் போதும். ஸ்ப்ரே பாட்டிலை நேராக முகத்தில் அடிக்காதீர்கள், அதுவே அதற்கு ஒரு தாக்குதல். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டில் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குப் பக்கத்தில்கூட இறங்கிவிடும். பகலில் 30 முதல் 50 சதவீதம் இருந்தால் போதும். இரவில் 75-க்கு மேல் ஏற வேண்டும், காட்டில் இரவு மூடுபனியை மூச்சில் இழுத்துத்தான் ஈரத்தை மீட்டுக்கொள்கிறது. ஆனால் ஈரமும் சூடும் சேர்ந்து இருக்கக் கூடாது, அது நுரையீரல் தொற்றுக்கு அழைப்பு. இரவில் எல்லா விளக்கையும் அணைத்து, அறை 18 டிகிரிக்குப் பக்கத்தில் இறங்கிய பிறகு ஃபாகர் என்கிற மூடுபனிக் கருவியைப் போடுங்கள். சிவப்பு இரவு விளக்கு என்று ஒன்றை விற்பார்கள், அது வேண்டாம். அதற்கு அந்த வெளிச்சம் தெரியும், தூக்கம் கெடும். பன்னிரண்டு மணி நேரம் வெளிச்சம், பன்னிரண்டு மணி நேரம் கும்மிருட்டு என்று டைமர் போட்டுவிடுங்கள்.

யூவிபி என்கிற புற ஊதாக் கதிர் விளக்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நீளமான டி5 ஹெச்ஓ குழல் விளக்கு, 5 அல்லது 6 சதவீத வகை, வலைக்கு மேலே. அதிலிருந்து மேல் கிளை 20 முதல் 23 செ.மீ. கீழே. வருடத்துக்கு ஒருமுறை குழலை மாற்ற வேண்டும். சுருள் பல்பு வேண்டாம். ஜன்னல் வெயில் இதற்கு ஈடாகாது, கண்ணாடி யூவிபியைத் தடுத்துவிடும். இது இல்லாமல் கால்சியம் எலும்பில் சேராது. எலும்பு மெலிந்த குட்டிக்கு ஒவ்வொரு அடியும் வலி, வலியும் அழுத்தம்தான்.

சாப்பாடு. வந்த முதல் வாரம் சாப்பாடு குறைவது வழக்கம். ஆனால் குட்டி என்பதால் உடம்பில் சேமிப்பு கொஞ்சம்தான். தொடர்ந்து இரண்டு நாள் ஒன்றுமே தொடவில்லை என்றால் பொறுத்துப் பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம், மருத்துவரைக் கேளுங்கள். இப்போது இரண்டு மூன்று சாப்பிடுகிறதே, அது ஏறுமுகம். பூச்சியின் நீளம் அதன் இரண்டு கண்ணுக்கு இடையே உள்ள அகலத்தைத் தாண்டக் கூடாது. காலையில் வெயில் காய்ந்து பச்சைக்குத் திரும்பிய பிறகு கிண்ணத்தில் போட்டுவிட்டு அறையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். நாம் நின்று பார்த்துக்கொண்டிருந்தால் அது சாப்பிடாது. நாக்கை வீச இரண்டு கண்ணையும் இரையின் மேல் குவிக்க வேண்டும், ஒரு கண் உங்களைக் காவல் காக்கும்போது எப்படிக் குவிக்கும்? மிச்சமான சில்வண்டை மாலையில் எடுத்துவிடுங்கள், தூங்கும் குட்டியை அவை கடிக்கும். பூச்சிகள் மேல் வைட்டமின் டி3 கலக்காத கால்சியப் பொடி ஒவ்வொரு வேளையும், டி3 உள்ள மல்டிவிட்டமின் மாதம் இருமுறை.

அப்புறம் நீங்கள் ஆவலோடு கேட்ட கேள்வி, கைக்கு எப்போது வரும். முதல் இரண்டு வாரம் கையே போடாதீர்கள். தண்ணீர், உணவு, எச்சம் அள்ளுவது, இவ்வளவுதான் உங்கள் கை உள்ளே போகும் வேலை, அதுவும் தினமும் ஒரே நேரத்தில். மூன்றாவது வாரத்திலிருந்து கூண்டுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு நாற்காலி போட்டு, அதை உற்றுப் பார்க்காமல், புத்தகம் படித்துக்கொண்டு இருங்கள். இரண்டு கண்ணால் நேராக உற்றுப் பார்ப்பது வேட்டையாடுகிறவனின் பார்வை. ஒரு மாதம் கழித்துக் கதவைத் திறந்து, பட்டுப்புழு ஒன்றை உள்ளங்கையில் வைத்து, கையைக் கீழிருந்து மெல்ல உயர்த்தி, அசையாமல் பிடியுங்கள். மேலிருந்து கை வரவே கூடாது. முதல் நாள் ஒளிந்துகொள்ளும், பத்தாவது நாள் கழுத்தை நீட்டிப் பார்க்கும், ஒரு நாள் அந்த நாக்கு உங்கள் உள்ளங்கையில் வந்து விழும். அந்தச் சந்தோஷத்தை நான் இன்னும் மறக்கவில்லை. அது தானாக உங்கள் கைமேல் ஏறினால் ஏறட்டும். வாழ்நாள் முழுக்க ஏறாமலே இருக்கும் பச்சோந்திகளும் உண்டு. என்னிடம் இப்போது இருப்பது அப்படித்தான், ஆறு வயது, கையிலிருந்து சாப்பிடும், மேலே ஏறாது. அதைக் கிளையிலிருந்து பிய்த்து எடுத்து விருந்தாளிகளுக்குக் காட்ட எனக்கு மனசு வராது.

இப்போது என் முதல் பச்சோந்தியின் கதை. பச்சையம்மா என்று பெயர் வைத்திருந்தோம். பெண். பெண் யேமன் பச்சோந்திக்கு ஆண் துணை இல்லாவிட்டாலும் முட்டை உருவாகும் என்று விற்றவரும் சொல்லவில்லை, நானும் தேடிப் படிக்கவில்லை. பதினோரு மாதத்தில் ஒருநாள் கரும்பச்சையில் மஞ்சளும் நீலமுமாகப் புள்ளிகள் ஏறி, கூண்டின் தரையில் அலைய ஆரம்பித்தது, மூலையைப் பிராண்டியது. வெளியே வர ஆசைப்படுகிறது என்று நினைத்து நான் தினமும் எடுத்து எடுத்துச் செடியில் விட்டேன். முட்டையிடத் தோண்டுவதற்கு அது மண் தேடிக்கொண்டிருந்தது. நான்காம் நாள் கண்ணை மூடிக்கொண்டு தரையில் கிடந்தது. மருத்துவர் எக்ஸ்ரே எடுத்தபோது வயிறு நிறைய முட்டை, அறுவை செய்யும் நிலையில் உடம்பு இல்லை. மறுநாள் போய்விட்டது.

அதனால் உங்கள் குட்டியின் பின்னங்கால் குதிகாலைப் பாருங்கள். சிறிய முள் போல ஒரு துருத்தல் இருந்தால் ஆண், பிறந்ததிலிருந்தே இருக்கும். இல்லையென்றால் பெண், இன்னும் ஓரிரு மாதத்திலேயே முட்டை தரிக்கலாம். கூண்டுக்குள் 30 செ.மீ. ஆழமுள்ள தொட்டி ஒன்றை வைத்து, தோண்டினால் சுரங்கம் இடியாத அளவுக்கு ஈரமான மணலை நிரப்பி நிரந்தரமாக விட்டுவிடுங்கள். அது தோண்ட ஆரம்பித்ததும் கூண்டைத் துணியால் மூடிவிட்டு விலகிவிடுங்கள். யாரோ பார்ப்பது தெரிந்தால் பாதியில் நிறுத்தி முட்டையை உள்ளேயே அடக்கிக்கொள்ளும். அழுத்தம் உயிரை எடுக்கும் என்பது இந்த இடத்தில் பேச்சுக்காகச் சொல்வது இல்லை. பெண்ணுக்குச் சூட்டையும் உணவையும் வளர்ந்த பிறகு அளவாக வைத்தால் முட்டைகளின் எண்ணிக்கையும் குறையும்.

மருத்துவரை இப்போதே தேடி வைத்துக்கொள்ளுங்கள். நாய், பூனை மட்டும் பார்க்கிறவர் போதாது, ஊர்வன பார்க்கிறவர் வேண்டும். முதல் மாதத்துக்குள் புது எச்சத்தை எடுத்துப்போய் ஒட்டுண்ணிச் சோதனை செய்துவிடுங்கள், அதற்குப் பிராணியைத் தூக்கிப்போக வேண்டியதில்லை. வாரம் ஒருமுறை எடை பாருங்கள். சமையலறைத் தராசில் ஒரு குச்சியை நிறுத்தி, எடையைப் பூஜ்யமாக்கி, குட்டியை அதன் போக்கில் குச்சிமேல் ஏறவிட்டால் பிடிக்காமலே எடை கிடைத்துவிடும். முதல் இரண்டு வாரம் இதைக்கூட விடுங்கள். அதற்குப் பிறகு வளரும் குட்டியின் எடை இரண்டு வாரம் ஏறாமல் நின்றால் நிறம் பச்சையாக இருந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் வேலியிலும் புளியமரத்திலும் இருக்கும் பச்சோந்தி, தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் வேறு இனம். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் விற்பதும் குற்றம். அதற்கு விஷமும் கிடையாது, கண்டால் அடிக்க வேண்டாம், அது பாட்டுக்குப் போகட்டும். வெளிநாட்டுப் பச்சோந்தி வைத்திருப்பவர்களும் 2022 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அரசிடம் பதிவு செய்ய வேண்டும். சிங்கப்பூரில் வளர்க்கவே அனுமதி இல்லை.

தம்பி, அடுத்த முறை எழுதும்போது நான்கு விஷயம் சொல்லுங்கள்: மத்தியானம் இரண்டு மணிக்கு வெயில் காயும் கிளையின் சூடு, விளக்குப் பெட்டியில் எழுதியிருக்கும் பெயரும் எண்ணும், அறையின் மறு கோடியிலிருந்து எடுத்த கூண்டின் படம், பின்னங்காலில் முள் இருக்கிறதா இல்லையா. குட்டியின் படம் இப்போதைக்கு வேண்டாம், அதைப் படம் எடுக்கக் கிட்டே போகாதீர்கள்.